முப்பத்திரண்டாவது குரல்

வனத்துறை ரேஞ்சர் ஐந்து மணிக்கு வருகிறார், இப்போது மூணே முக்கால், என் தொண்டையில் மிச்சமிருக்கிற குரல் ஒரு டம்ளருக்குக்கூடத் தேறாது, அதை வைத்துக்கொண்டு இந்தப் பச்சை வலைக்குப் பின்னால் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் ஒரு காலி எண்ணெய் டின், ஒரு இரும்புக் கரண்டி, அரை வாளித் தண்ணீர், ஒரு குவியல் சரளைக்கல். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் பதினேழு. பதினேழு என்பது நரிக்குட்டியின் பெயர் இல்லை, நம்பர். அடிபட்டதையும் தாயைப் பறிகொடுத்ததையும் தூக்கி வந்து தேற்றித் திரும்பக் காட்டிலேயே விடுகிற இடம் இது, இங்கே யாருக்கும் பெயர் வைக்கக் கூடாது, பெயர் வைத்தால் கூப்பிடத் தோன்றும், கூப்பிட்டால் வரும், வந்தால் செத்துப்போகும் என்று டாக்டர் நல்லசிவம் முதல் நாளே சொன்னார், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், சாவைக்கூட மரியாதையாகத்தான் சொல்வார், செத்துப்போயிருமுங் கண்ணு என்று. அதை நான் அன்றைக்கே அவர் குரலில் அப்படியே சொல்லிக்காட்ட, ஆந்தைகளுக்குக் கோழி வெட்டிக்கொண்டிருந்த அம்மா சிரித்த சிரிப்பில் விரலை வெட்டிக்கொண்டாள். அது மார்ச். இப்போது அக்டோபர், காலாண்டு லீவு முடிய இன்னும் ரெண்டு நாள், தெற்கே மேகம் சேர்ந்துவிட்டது, மழை இறங்கினால் கரிசல் மண் டயரைப் பிடித்துக்கொள்ளும், ஜீப் போகாது, அதற்குள் விட்டாக வேண்டும். ரேஞ்சர் வந்து பார்ப்பார். மனுஷக் குரல் கேட்டுப் பதினேழு வேலிப்பக்கம் வந்தால் கையெழுத்து கிடையாது, மிருகக்காட்சிசாலைக்குப் போகும், பத்து வருஷமோ பன்னிரண்டு வருஷமோ, சிமெண்டுத் தரை, முறுக்குத் தின்கிற குடும்பங்கள். ஓடி ஒளிந்தால் நாளை விடிகாலையில் கண்மாய்க்கரை முள்காட்டில் கூண்டைத் திறப்பார்கள். அவ்வளவுதான் விஷயம். ஓடணும். ஓடும். முப்பத்தொரு குரலுக்கு ஓடும், நானே பார்த்திருக்கிறேன். அந்த முப்பத்தொன்றுக்கு அப்புறம் வருகிற எண்ணைத்தான் மூணு நாளாக மனசுக்குள் சொல்லாமல் தாண்டித் தாண்டிப் போகிறேன், ஒரு எறும்பு என் கால்விரலைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி, இதோ இந்த எறும்பு, இது எங்கே போகிறது, டின்னுக்கு அடியிலா.

பத்து நாளாக நான் செய்கிற வேலைக்கு டாக்டர் வைத்த பெயர் விரட்டுப் பாடம். யாராவது ஒருத்தர் குரலில் முதலில் அன்பாகக் கூப்பிட வேண்டும். பதினேழு காதைத் திருப்பும், தலையைத் தூக்கும், ஒரு அடி முன்னால் வைக்கும். அந்த ஒரு அடி வைத்ததும் டின்னில் ஓங்கி அடிக்க வேண்டும், தண்ணீரை வீசியடிக்க வேண்டும், சரளையை அதற்குப் பக்கத்து மண்ணில் தெறிக்கிற மாதிரி எறிய வேண்டும், மேலே படக் கூடாது. அன்பாகக் கூப்பிடாமல் எடுத்ததுமே விரட்டினால் கோபமான குரலுக்கு மட்டும்தான் பயப்படக் கற்றுக்கொள்ளுமாம், மனுஷன் கோபமாக வந்து கொல்வது குறைவு கண்ணு, பாவமேன்னு கூப்பிட்டு வச்சுக் கொல்றதுதான் சாஸ்தி என்றார். இங்கே வேலை செய்கிறவர்கள் மொத்தம் நாலு பேர், நாலு குரலுக்கு மட்டும் பயந்து என்ன செய்ய, முள்காட்டில் ஐந்தாவதாக ஒரு ஆள் வருவான். அப்போதுதான் டாக்டர் என் பக்கம் திரும்பினார். உனக்குள்ள ஒரு ஊரே குடியிருக்குது, ஒவ்வொருத்தரா வெளிய விடு என்றார். என்னை அப்படி யாரும் கேட்டதில்லை, எல்லோரும் வாயை மூடு என்றுதான் கேட்டிருக்கிறார்கள். முதல் நாள் நான் பறந்தேன். பால்காரர், மினிபஸ் கண்டக்டர், மூக்கால் ஜெபிக்கிற எங்கள் சர்ச் பாதிரி ஐயர், ரேஷன் கடையில் இன்றைக்குப் பாமாயில் கிடையாது என்று சொல்வதற்காகவே பிறந்த அந்த அக்கா, ஆடு மேய்க்கிற மூணு வகை ஆள், வெற்றிலை போட்டது, போடாதது, பல் இல்லாதது. காவலுக்கு இருக்கிற சுடலைக்கண்ணு அண்ணன் குரலை அவர் பக்கத்தில் நிற்கும்போதே எடுத்தேன், அவர் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு குரலுக்கும் சிலேட்டில் ஒரு கோடு. நாலாவது நாள் பறப்பது நின்றுவிட்டது. ஆறாவது நாள் கரண்டியைத் தூக்கும்போது தோள் வலித்தது. எட்டாவது நாள் பல் இல்லாத அந்த ஆட்டுக் கீதாரி வாய் திறந்து ஒரு எழுத்து வருவதற்குள் அது வளைக்குள் போய்விட்டது, நான் பாதித் திறந்த வாயோடு நின்றேன், பாவம் அந்தக் கிழவன், இதற்கு அவன் என்ன செய்தான். ஜில்லாவுக்கே நரிகிட்ட கெட்ட பேர் வாங்கிக் குடுத்துட்டியே பிள்ளே என்றார் சுடலைக்கண்ணு அண்ணன். சிரித்தேன். சிரிப்பும் யார் சிரிப்பு என்று தெரியவில்லை, தொண்டை கட்டியிருந்ததால் எல்லோரும் ஒரே சாயலில் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் இங்கே வந்தது ஹெட்மாஸ்டர் குரலால். அவர் பேசுவதற்கு முன்னால் மூணு தடவை கனைப்பார், மூணாவது கனைப்பு மட்டும் கொஞ்சம் நீளம், அதைப் பிடிக்க எனக்கு ஒரு மாசம் ஆனது, பிடித்த அன்றைக்குச் சும்மா வைத்திருக்க முடியவில்லை, நாளை பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை என்று கனைத்துக் கனைத்துப் பேசி ஒரு குரல்பதிவாக ஊர் முழுக்க அனுப்பிவிட்டேன், மறுநாள் ஆயிரத்துச் சொச்சம் பேரில் பள்ளிக்கூடம் வந்தது பதினோரு பேர், அதில் நான் ஒருத்தி, வெறும் மைதானத்தைப் பார்க்க வேண்டுமே. பதினைந்து நாள் வராதே என்றார்கள். அம்மாவைக் கூப்பிட்டார்கள். அம்மா இந்த மையத்திலிருந்து வெட்டு வேலையைப் போட்டுவிட்டுச் சேலையில் கோழி ரத்தத்தோடு வந்து, அந்த அறையில் நின்று, சார் தகப்பன் இல்லாம வளந்தது சார் என்று அழுதாள். நான் பக்கத்தில் நின்று என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த அழுகையைக் கவனித்துக்கொண்டிருந்தேன். எங்கே உடைகிறது, சார் என்கிற சொல்லில் சா ஏறி ர் காணாமல் போகிறது, அதை வாய்க்குள் நாக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், எப்படி எடுப்பது என்று. அதை எடுக்கவும் முடியும் என்னால். எடுத்ததில்லை. வீட்டில் உட்கார்ந்தா ஊரையே மூடிருவா, எங்கூட வரட்டும் என்று மறுநாளே இங்கே இழுத்துவந்தாள், அந்த வாரம்தான் நாலுவழிச் சாலையில் லாரி அடித்த தாய் நரியின் பக்கத்திலிருந்து மூணு குட்டிகளைச் சுடலைக்கண்ணு அண்ணன் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார், கண் திறந்து ஒரு வாரம்கூட ஆகாத மூணு குட்டிகள், பதினைந்து, பதினாறு, பதினேழு. மணி நாலு ஐந்து. வலையில் காற்று அடிக்கிறது. வளை வாசலில் ஒன்றும் இல்லை, பக்கத்து உடைமர நிழலில் வால் நுனி மட்டும் தெரிகிறது, நேற்று மத்தியானத்திலிருந்து அதற்குச் சாப்பாடு கிடையாது, ரேஞ்சர் வரும்போது பசியோடு இருக்க வேண்டும், பசியோடு இருந்தும் குரலுக்கு ஓட வேண்டும். பசி என்றால் எதுவும் கேட்கும். பசி என்றால் அந்தச் சொல் கேட்கும்.

அந்தச் சொல்லுக்கு வரக் கூடாது என்றுதான் இவ்வளவு சுற்றினேன், வந்துவிட்டேன். குட்டிக்குப் பால் கொடுக்கிறவர்கள் மண்ணும் இலையும் தேய்த்த சாக்கு அங்கி போட்டு, முகத்தை மூடி, வாயே திறக்காமல் கொடுக்க வேண்டும், சுவரில் பெரிசாக எழுதியிருக்கிறது, உள்ளே பேசினால் வெளியே கொன்றதற்குச் சமம். ஆட்டுப்பால், அதில் முட்டையின் மஞ்சள், வெதுவெதுப்பாக, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை, குடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவினால்தான் மூத்திரம் போகும். பதினைந்து முதல் நாளே போய்விட்டது. பதினாறு என் மடியில் இருந்தது, ஒரு கைக்குட்டை கனம், ரப்பர்க் காம்பை வாயில் வைத்தால் பால் கடைவாய் வழியாக அப்படியே வெளியே வந்தது, அது விழுங்குவதை நிறுத்திவிட்டிருந்தது. அறையில் நானும் அதுவும்தான். எப்பேர்ப்பட்ட அமைதி அது, எனக்கு அந்த மாதிரி அமைதியில் இருந்து பழக்கமே இல்லை, வகுப்பில் இரண்டு நிமிஷம் அமைதி வந்தாலே யாராவது ஒருத்தர் குரலை எடுத்து நிரப்பிவிடுவேன், அன்றைக்கு யாருடைய குரலும் வரவில்லை, ஹெட்மாஸ்டர், ஐயர், கண்டக்டர் யாரும் வரவில்லை, பதினாறு வாயைத் திறந்து மூடியது, நான் காம்பை இன்னொரு தடவை வைத்து, இந்தா என்றேன். இந்தா. இந்தா, குடி. இந்தா. சொல்லிக்கொண்டே இருந்தேன். அது போய்விட்ட பிறகும் இரண்டு மூணு தடவை சொல்லியிருப்பேன். அப்புறம் கூடையில் கிடந்த பதினேழை எடுத்து அதே மடியில் போட்டு, அழுகையை நிறுத்தத் தெரியாமல் அதே சொல்லைச் சொல்லி வைத்தேன், அது ஒரு இழுப்பில் பாதி பாட்டில் குடித்தது. அந்தச் சொல்லுக்காகத்தான் குடித்தது என்று நான் நம்பிவிட்டேன். அதற்கப்புறம் சொல்லாமல் கொடுக்கப் பயம், சொல்லாவிட்டால் விழுங்காமல் போய்விடும் என்கிற பயம். அஞ்சு வாரம், பள்ளிக்கூடம் திரும்பச் சேர்த்த பிறகும் காலையும் சாயங்காலமும் ஓடிவந்து, சாக்கு அங்கிக்குள் இருந்து, கிசுகிசுப்பாக. நான் செய்த கணக்கு என்னவென்றால், பேசக் கூடாது என்று சொன்னார்களே அது மனுஷர்கள் பேசக் கூடாது என்பது, மனுஷர்கள் என்றால் கண்டக்டர், பால்காரர், டாக்டர். என் குரலை யாருக்குத் தெரியும். எனக்கே தெரியாது. யாருடையதும் இல்லாத ஒரு குரல் கேட்டால் என்ன ஆகிவிடும் என்று. டாக்டர் சிலேட்டை வைத்துக்கொண்டு உனக்கு எத்தனை பேர் குரல் வரும் என்று கேட்டபோது விரலை மடக்கி மடக்கி முப்பத்தொன்று எண்ணினேன், என்னை விட்டுவிட்டு எண்ணினேன், மறந்து விடவில்லை, விட்டுவிட்டேன்.

பேசாமல் இருந்துவிடலாம். ரேஞ்சர் கூப்பிட்டுப் பார்ப்பார், டாக்டர் கூப்பிட்டுப் பார்ப்பார், ஓடும், கையெழுத்து ஆகும், நாளைக்கு விடிகாலையில் கூண்டு திறக்கும், நான் என் குரலை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விடுவேன், முள்காட்டுக்கு நானா போகப்போகிறேன். இப்படித்தான் மூணு நாள் முந்திவரை ஓட்டினேன். மூணு நாள் முந்தி டீக்கடையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு பொம்பிளை நாய்க்குப் பன்னைப் பிய்த்துப் போட்டாள், இந்தா என்றாள். எனக்குக் காது சில்லிட்டுவிட்டது. அப்புறம் பார்த்தால் ஊர் முழுக்க அதைத்தான் சொல்கிறார்கள். கோழிக்கு அரிசி போடுகிறவள், ஆட்டுக்கு இலைக்குழை ஒடிக்கிறவன், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவள், கண்டக்டர் சில்லறை கொடுக்கும்போது, சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைத் தள்ளும்போது, இந்தா, இந்தா, இந்தா. கண்மாய்க்கரையில் ஒரு ஆடு மேய்க்கிற பிள்ளை என் வயசில், என் தொண்டையில், தன் நாயைப் பார்த்து அதைச் சொல்லுவாள், பதினேழு முள்ளுக்குள்ளிருந்து வாலைத் தாழ்த்திக்கொண்டு வரும், நரி மனுஷனைத் தேடி வந்தால் அதை யாரும் பாவம் என்று நினைக்க மாட்டார்கள், வெறி பிடித்திருக்கு என்றுதான் நினைப்பார்கள், முதல் கம்பு மண்டையில் விழும். விழும்போதும் அதற்குப் பால் வரும் என்றுதான் இருக்கும். இந்தப் படத்தை நான் வேண்டாம் என்றாலும் ஓட்டிப் பார்க்கிறேன், கம்பு வரைக்கும் வந்து நிற்கும், திரும்ப முதலிலிருந்து, வால், கம்பு, வால். டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்றால் சிமெண்டுத் தரை. சொல்லாவிட்டால் கம்பு. மணி நாலேகால். இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. எழுந்திருக்கிறேன், முட்டி இரண்டும் படக் என்கிறது, வயசான ஒருத்தி எனக்குள்ளிருந்து எழுந்திருக்கிற மாதிரி, அவள் குரலும் எனக்கு வரும், வேண்டாம்.

வலையைத் தாண்டி வேலியை ஒட்டி நின்றேன். சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை, அம்மா அந்தக் கோடியில் பாத்திரம் உருட்டுகிற சத்தம். இந்தா என்றேன். ஆறு மாசம் கழித்து அது வெளியே வந்தது, கட்டின தொண்டையில் ஈரமே இல்லாமல், இருந்தாலும் வந்தது. வால் நுனி நின்றது. நிழலுக்குள்ளிருந்து முகம். எத்தனை நாளாயிற்று அந்த முகத்தை முழுசாகப் பார்த்து, இந்தப் பத்து நாளும் முதுகைத்தானே பார்த்திருக்கிறேன். அது ஓடிவரவில்லை, நடந்து வந்தது, உடம்பைத் தரையோடு தாழ்த்தி, காதுகளைப் பின்னால் படிய வைத்து, தொண்டைக்குள் ஒரு சின்னக் கீச்சு, அவ்வளவு பெரிய ஆளிடமிருந்து பாட்டில் காலத்துக் கீச்சு. கம்பி ஓட்டையில் மூக்கை வைத்தது. கரண்டி என் கையில் இருந்தது. அடிக்கவில்லை. என் விரலை மோந்து பார்த்தது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு நிமிஷமா, அதற்கு மேலா, ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு சுகம். அப்புறம் டின்னில் அடித்தேன். பத்தடி ஓடி நின்று திரும்பிப் பார்த்து முன்னங்காலை நீட்டிக் குனிந்தது, விளையாட்டு என்று நினைத்துவிட்டது. திரும்ப வந்தது. போ என்றேன். போ என்பது எனக்கு வரவே இல்லை. யோசித்துப் பார்த்தால் நான் என் குரலில் யாரையும் திட்டியதில்லை, திட்ட வேண்டுமென்றால் போலீஸை எடுப்பேன், ரேஷன் கடையை எடுப்பேன், கோபம் எல்லாம் அவர்களுடையது, எனக்கென்று ஒரு கோபத்தை நான் வாங்கி வைக்கவே இல்லை. போலீஸை எடுத்திருந்தால் ஓடியிருக்கும், ஆனால் போலீஸுக்கு ஓடி என்ன பிரயோஜனம், இந்தச் சொல்லுக்கு ஓட வேண்டும், இந்தத் தொண்டைக்கு. மூணாவது தடவை இந்தா என்று அன்பாகவே சொன்னேன், அது ஒரு அடி வைத்தது, இன்னொரு அடி வைத்தது, சரளையை எடுத்து மண்ணைப் பார்த்து எறியாமல் அதைப் பார்த்தே எறிந்தேன். மேலே படக் கூடாது என்பது விதி. பட்டது. முன்னங்காலில், இடது. அது போட்ட சத்தம் ஒன்று இருக்கிறதே, அந்தச் சத்தம் எனக்கு எடுக்க வராது, எடுத்துப் பார்க்கவும் மாட்டேன். தண்ணீரை மொத்தமாக வீசினேன், டின்னைத் தூக்கியே வேலியில் அடித்தேன், என் வாயிலிருந்து ஏதோ வந்தது, சொல் இல்லை, அம்மா ஹெட்மாஸ்டர் அறையில் சா என்று ஏறி உடைந்தாளே அந்த இடம் மாதிரி இருந்தது. நான் எடுக்கவில்லை, அதுவாகத்தான் வந்தது. பதினேழு வளைக்குள் போய்விட்டது. நான் கொட்டின தண்ணீரிலேயே உட்கார்ந்தேன். மூணு காலில் போயிற்றா, நாலு காலில் போயிற்றா, பார்க்கவில்லையே, எலும்பு உடைந்திருந்தால், உடைந்த காலோடு உள்ளே கிடந்தால், ரேஞ்சர், மழை, இடது கால், இடதா, எனக்கு இடதா அதற்கு இடதா.

ஐந்து அடித்து ஐந்து நிமிஷத்தில் ஜீப் வந்தது. டாக்டர் என் ஈரப் பாவாடையைப் பார்த்தார். சுடலைக்கண்ணு அண்ணன் மண்மேட்டில் ஒரு துண்டு இறைச்சியை வைத்துவிட்டு வந்தார், எல்லோரும் வலைக்குப் பின்னால் நின்றோம், ரேஞ்சர் செல்போனை அணைத்துப் பையில் போட்டார், மனுஷன் நல்ல மாதிரிதான், கட்டைக் குரல், மூச்சில் ஒரு விசில், இன்னொரு நாளாக இருந்தால் அவரை ஐந்து நிமிஷத்தில் எடுத்திருப்பேன். வளையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வராது. வரவே வராது, கால் போயிற்று. வெயில் மஞ்சளாகி வேலி நிழல் எங்கள் காலுக்கு வந்தபோது மூக்கு வந்தது, அப்புறம் தலை, அப்புறம் ஆள், இடது முன்னங்காலைத் தூக்கி இரண்டு எட்டு நொண்டியது, மூணாவது எட்டில் தரையில் ஊன்றியது, நாலாவது எட்டு சாதாரண எட்டு. என் நெஞ்சுக்குள் யாரோ உட்கார இடம் கிடைத்த மாதிரி. ரேஞ்சர் வா வா என்று கூப்பிட்டார், இறைச்சியை விட்டுவிட்டு ஓடியது. திரும்ப வரக் கால் மணி நேரம். டாக்டர் கூப்பிட்டார், ஓடியது. என்னை ஒரு குரல் விடச் சொன்னார்கள், பால்காரரை விட்டேன், பாதியில் கம்மிப்போன பால்காரர், அதற்கும் ஓடியது. ரேஞ்சர் தலையாட்டினார், பேனாவை எடுத்தார், போதும் நல்லசிவம், பிரமாதம் என்றார். பேனா மூடியைத் திருகுகிற அந்த நேரம். அவ்வளவு சின்ன நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எத்தனையோ தடவை மூடு மூடு என்று சொல்லியும் மூடாத வாய். "சார், ஒண்ணு பாக்கி இருக்கு" என்றேன். டாக்டர் சிலேட்டைப் பார்த்தார், கோடுகளை எண்ணினார், யார் குரல் என்று கேட்டார். "என்னோடது." அண்ணன் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். டாக்டர் சிலேட்டைத் தாழ்த்தினார், பால் கொடுக்கிற அறைச் சுவரில் எழுதியிருப்பது அவர் கையெழுத்து. "எத்தன நாள் பேசுன?" அஞ்சு வாரம் என்றேன், பால் கொடுக்கும்போது, இந்தான்னு சொல்லி. திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் ரேஞ்சரிடம், கையெழுத்துக் கொஞ்சம் பொறுங்க சார் என்றார். என்னிடம், "மூணு தடவ. அப்ப எப்படிச் சொன்னியோ அதே மாதிரி. ஏமாத்தாத கண்ணு, உனக்கு மட்டுந்தான் தெரியும்" என்றார். அது திரும்ப வெளியே வந்தது. வரக் கூடாது என்று வேண்டினேன், வேண்டினதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியவில்லை. இந்தா. இறைச்சியின் மேல் வைத்த வாய் நின்றது, காது இரண்டும் என் பக்கம். இந்தா என்று இரண்டாவது தடவை, கொஞ்சம் தணிந்து. தலை தூக்கியது, வலையைத் தாண்டி நேராக நான் நிற்கிற இடத்தைப் பார்த்தது, உடம்பு தாழவில்லை, உயரவும் இல்லை. மூணாவதை வேறு மாதிரி சொல்லியிருக்கலாம், கொஞ்சம் கரகரப்பாக, கொஞ்சம் எட்டத்திலிருந்து, யாருக்குத் தெரியப்போகிறது. மடியில் ஒரு கைக்குட்டை கனம் இருக்கிற மாதிரி சொன்னேன். விழுங்கு, தயவுசெய்து விழுங்கு என்கிற மாதிரி. இந்தா. வால் ஒரு தடவை அசைந்தது, நான் பார்த்தேன், டாக்டரும் பார்த்தார். அப்புறம் அது இறைச்சியைக்கூட எடுக்காமல் திரும்பி உடைமரத்துக்குப் பின்னால் போனது, ஓட்டம், நாலு காலும் சேர்ந்த ஓட்டம். ஒரு தடவை திரும்பிப் பார்க்கும் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. பேனா எழுதுகிற சத்தம் கேட்டது. நல்லாப் படிச்சிருச்சு என்றார் டாக்டர், சொல்லிவிட்டு என் தலையில் கை வைக்க வந்தவர் வைக்காமல் சிலேட்டை எடுத்து ஒரு கோடு போட்டார், முப்பத்திரண்டு.

கொட்டகைக்கு நடந்தோம். விடிகாலை நாலரைக்குக் கிளம்பணும், நீ வரவேண்டாம், உன் வாசனையும் அதுக்கு வேண்டாம் என்று டாக்டர் சொன்னார், சரி என்றேன். சுடலைக்கண்ணு அண்ணன் என்னைச் சிரிக்க வைக்க, ஏ பிள்ளே, ரேஞ்சர் விசில் மூச்சை ஒருக்கா எடேன், கேப்போம் என்றார். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. இன்னைக்குக் கடை அடைச்சாச்சு அண்ணே என்றேன். கால் கனத்தது, மழைக்காற்று, தூரத்தில் எங்கேயோ காட்டு நரிகள் ஆரம்பித்துவிட்டன, ஒன்று தொடங்க மற்றது பிடித்துக்கொள்ள. ஜூன் மாசத்தில் நானும் ஒரு நாள் அவைகளுக்குப் பதில் ஊளை விட்டுப் பார்த்தேன், அத்தனையும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன, ஆயிரம் பிள்ளைகளை ஏமாற்றினவளை ஒரு நரிகூட நம்பவில்லை. அம்மா வெட்டுப்பலகையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வாசலில் நின்றாள், விஷயம் அவளுக்கு எட்டியிருக்க வேண்டும், என் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போய் டீ போட்டு ஆற்றிக்கொண்டு வந்தாள், கருப்பட்டி வாசனை. டம்ளரை என் பக்கம் நீட்டி, "இந்தாட்டி" என்றாள், மெதுவாக. அந்தச் சொல் முடிவதற்குள் நான் இரண்டு அடி பின்னால் போய் நின்றிருந்தேன்.